செக்கனுக்கு எத்தனை படம்? விளையாட்டுப் பொறிகளும் கணினிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

இளைஞர் நால்வர் ஒருங்கு கூடுமிடத்தில் இன்று தவறாது எழும் வாதங்களுள் ஒன்று, விளையாடுவதற்குக் கணினி சிறந்ததா, தொலைக்காட்சியோடு இணைக்கும் கொன்சோல் என்னும் விளையாட்டுப் பொறி சிறந்ததா என்பதாகும். ஒருவர் 30 என்பார். மற்றவர் 60 என்பார். மூன்றாமவர் 120 என்று கூறி இருவரையும் வாயடைக்கச் செய்வார். ஒரு செக்கனில் திரையிலே எத்தனை படங்கள் மாறி மாறித் தோன்றுகின்றன என்பதன் கணக்கே இவ்வெண்கள். பிரேம் றேற் என்று இளைஞர் சொல்லும் இதனை நாம் இங்கே படவோட்டம் என்று அழைப்போம். அருகிருந்து கேட்கும் பெரியோர், "பணம் கேட்பதற்கு இதுவும் ஒரு சாட்டோ?" என்று எண்ணுவதும் உண்டு. அவர்கள் எண்ணுவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஏனெனில், வாதிடுவோரிற் பெரும்பாலார் இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன என்பதை வினவுவதேயில்லை. 30, 60 என்பன எந்தப் பொறியினது திறமையிலிருந்தும் பிறந்தவை அல்ல. அவை பிறந்தது மின்சார நிலையத்தில்.

அக்கதைக்கு முன்னே திரைப்படத்தின் கதை ஒன்று உண்டு. பேசாப் படக் காலத்தில் படம் பிடிப்பவர் கைப்பிடியைச் சுழற்றிய வேகமே படத்தின் வேகம். அஃது ஆளுக்காள் வேறுபட்டது. 1927ஆம் ஆண்டையொட்டிப் பேசும் படம் வந்தபோது, ஒலி பிசகாதிருக்க வேண்டின் சுருள் ஒரே சீராக ஓடவேண்டும் என்றாயிற்று. செக்கனுக்கு 24 படம் என்னும் வழக்கு அப்போதுதான் நிலைபெற்றது. ஒலி தெளிவாயிருக்க அவ்வேகம் போதும்; அதற்கு மேற்போனாற் சுருள் வீண்செலவு. மனிதக் கண்ணுக்கு 24 போதுமென்று யாரும் ஆராய்ந்து கண்ட முடிபன்று அது. உண்மையில், ஒளி செக்கனுக்கு 24 முறை மட்டும் விட்டுவிட்டுத் தெரியுமாயிற் கண் கூசும். ஆதலாற் படமாளிகையிலுள்ள எறிகருவி ஒவ்வொரு படத்தையும் இருமுறையோ மும்முறையோ மறைத்து மறைத்துக் காட்டுகின்றது. இச்சிறு செய்தியை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும், பின்னர் தேவைப்படும்.

தொலைக்காட்சியின் கதை வேறு. அமெரிக்காவின் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 60 சுழற்சி கொண்டது. திரை புதுப்பிக்கப்படும் வேகம் மின்சாரத்தோடு இசையாவிடின் படத்தின் மீது கரும்பட்டைகள் நெளிந்து ஊரும். எனவே 1941இல் அந்நாட்டுத் தொலைக்காட்சி முறை வகுக்கப்பட்டபோது திரையின் வேகமும் 60 ஆயிற்று. 1953இல் வர்ணம் சேர்ந்தபோது அது 59.94 எனச் சற்றே குறைந்தது. நாம் 60 என்றே கொள்வோம். ஐரோப்பாவின் மின்சாரம் 50 சுழற்சி. அங்கே திரையின் வேகமும் 50. நம் நாட்டு மின்சாரமும் 50 தான். 1982இல் யப்பானின் நன்கொடையாக ரூபவாஹினி எழுந்தபோதும், யப்பான் தன்னகத்தே கொண்டிருந்த 60இன் முறை இங்கு வரவில்லை. ஜேர்மனியில் உருவான, பி.ஏ.எல். என்னும் 50இன் முறையே வந்தது. யப்பானின் செய்தி இன்னும் விநோதமானது. ஒரே நாட்டின் மேற்கில் மின்சாரம் 60, ரோக்கியோ அடங்கிய கிழக்கில் 50. ஆயினும் தொலைக்காட்சி நாடெங்கும் 60. உலகின் விளையாட்டுப் பொறிகளிற் பெரும்பகுதி பிற்காலத்தில் அந்நாட்டிலேயே உருவானமையால், இந்த 60 என்னும் எண் உலகெங்கும் ஒரு சட்டம்போல் ஆகிவிட்டது.

1977இல் அமெரிக்காவில் அற்றாரி நிறுவனம் வெளியிட்ட பொறியை நோக்குவோம். அற்றாரி 2600 என்று பின்னர் பெயர் பெற்ற அதன் நினைவகம் 128 பைற்று மட்டுமே. திரையிற் குறுக்கே 160 புள்ளியும் மேலிருந்து கீழ் 192 வரியும் கொண்ட ஒரு படத்தை, கறுப்பு வெள்ளையிலேனும், நினைவகத்தில் வரைந்து வைக்க 3,840 பைற்று வேண்டும். இருப்பதோ அதன் முப்பதிலொரு பங்கு. ஆகவே அப்பொறி படத்தை எங்கும் வரைந்து வைப்பதில்லை. தொலைக்காட்சிக் குழாயினுள்ளே இலத்திரன் கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரியை எழுதிச் செல்லும்; அது செல்லச் செல்ல, இந்த இடத்தில் இந்த நிறம், அந்த இடத்தில் அந்த நிறம் என்று நிகழ்ச்சிநிரல் அக்கணமே கட்டளையிடவேண்டும். ஒரு வரிக்குப் பொறியின் மூளைக்குக் கிடைப்பது 76 துடிப்பு. கட்டளை ஒன்றுக்கு இரண்டு முதல் ஏழு துடிப்பு செலவாகுமெனின், எழுதுபவரின் நெருக்கடியை ஊகிக்கலாம். விளையாட்டின் மற்றைக் கணக்குகளையெல்லாம் (பந்து எங்கே, எதிரி எங்கே, புள்ளி எத்தனை) கற்றை கீழ்க்கோடியிலிருந்து மேற்கோடிக்கு மீளும் சிறுபொழுதிலே முடித்துவிட வேண்டும். தவறினாற் படமே உருண்டுவிடும்.

இதனால் விளைந்தது என்ன? படவோட்டம் குறைவது என்பதற்கே அப்பொறியில் இடமிருக்கவில்லை. படம் கரடுமுரடானது, உருவங்கள் சதுரக் கட்டைகள். ஆனால் ஓட்டம் 60. இன்று பல இலட்சம் ரூபா பெறும் கணினியை வாங்கியோர் 60 கிடைக்கவில்லையே என்று வருந்துவதைக் கேட்கும்போது, 128 பைற்றுப் பொறி அதனை ஒரு செக்கனும் தவறாது கொடுத்தது நினைவுக்கு வருகின்றது. ஓட்டம் என்பது வலிமையின் அளவன்று. வலிமையை எதிலே செலவிடுகின்றோம் என்பதன் அளவு. பின்னர் வந்த அனைத்துக்கும் இதுவே திறவுகோல் என்பது என் துணிபு.

அதற்கு மறு ஆண்டு, 1978இல், யப்பானின் ரைற்றோ நிறுவனத்திலே ரொமோஹிரோ நிஷிக்காடோ என்பார் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்னும் விளையாட்டை ஆக்கினார். வரிசைக்கு 11 பேராக ஐந்து வரிசையில் 55 அந்நியர் மேலிருந்து இறங்கி வருவர். ஆடுபவர் கீழிருந்து சுட்டு வீழ்த்தவேண்டும். அக்காலத்து இன்ரெல் 8080 என்னும் மூளைக்கு 55 பேரையும் ஒருங்கே நகர்த்த வலிமை போதவில்லை. ஆகவே திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஒருவர் மட்டும் நகர்வார். 55 பேரும் ஓரடி வைத்து முடிய ஏறக்குறைய ஒரு செக்கன் ஆகும். பாதிப்பேர் வீழ்ந்ததும் எஞ்சியோர்க்கு முறை விரைந்து வரும். அவர்கள் இரட்டிப்பு வேகத்தில் நகர்வர். கடைசி ஒருவன் மட்டும் நிற்கும்போது ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் அவனே நகர்வான். அவன் திரையில் ஓடும் ஓட்டம் ஆடுபவரின் நெஞ்சைத் துடிக்க வைக்கும். பொறியின் இயலாமையால் வந்த இவ்வேகத்தை நிஷிக்காடோ திருத்தாது விட்டார். சுடச்சுட விளையாட்டுக் கடினமாகிக்கொண்டே போவது ஆடுவோர்க்குப் பெரும் சுவையாய் அமைந்தது. குறையொன்று கலையாக மாறிய இடங்களுள் இதனினும் அழகியதை இவ்வரலாற்றில் நான் காணவில்லை.

1983இல் நின்ரெண்டோ யப்பானில் வெளியிட்ட பமிக்கொம் பொறியில், படத்தை ஆக்குவதற்கெனத் தனிச் சில்லு ஒன்று இருந்தது. நகரும் சிற்றுருவங்கள் 64 வரை அது தாங்கும். ஆனால் ஒரு வரியிலே எட்டுக்கு மேல் தோன்றா. ஒன்பதாவது வந்தால் அது மறைந்துவிடும். எனவே எந்த எட்டைக் காட்டுவது என்பதை ஒவ்வொரு படத்துக்கும் மாற்றி மாற்றி வைப்பர். உருவங்கள் மினுங்கும், ஆனால் முற்றாக மறையா. இன்னொரு குறையும் வந்தது. கணக்குகள் ஒரு புதுப்பித்தலுக்குள் முடியாவிடின், பொறி அடுத்த புதுப்பித்தல்வரை காத்திருக்கும். அப்போது 60 திடீரென 30 ஆகும். விளையாட்டே நீருக்குள் நடப்பதுபோல் மந்தமாகும்.

இங்கேதான் 50இன் நாடுகளுக்கு ஓர் அநீதி நேர்ந்தது. விளையாட்டின் கடிகாரமே திரையின் புதுப்பித்தல் என்றிருந்த காலம் அது. யப்பானில் 60க்கென எழுதிய விளையாட்டை ஐரோப்பாவின் 50இலே ஓடவிட்டால், அஃது ஆறிலொரு பங்கு வேகம் குறைந்து ஓடும். திருத்தி எழுதுவதற்குச் செலவு வேண்டும். பல நிறுவனங்கள் அச்செலவைச் செய்யவில்லை. 1991இல் சேகா வெளியிட்ட சொனிக் என்னும் விளையாட்டின் பெருமையே அதன் வேகம். மெகா டிறைவ் பொறியின் ஐரோப்பியப் பதிப்பிலோ ஓடும் சொனிக்கும் மந்தம், பின்னே ஒலிக்கும் இசையும் மந்தம்! வரிகளின் தொகை 525க்குப் பதில் 625 ஆதலால், படத்தின் மேலும் கீழும் கரும்பட்டைகள் வேறு. ஆண்டுக்கணக்காக அவ்வாறே ஆடியவர்கள் அதுதான் விளையாட்டின் இயல்பு என்று எண்ணியிருந்தனர். ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று கையில் இல்லாதவனுக்குக் குறை எங்ஙனம் தெரியும்?

இனிக் கணினியின் பக்கம் வருவோம். 1981இல் வந்த ஐ.பி.எம். கணினி அலுவலகத்துக்கென ஆக்கப்பட்டது. அதன் வர்ண அட்டையில் ஒருங்கே தோன்றக்கூடிய நிறம் நான்கு. நகரும் சிற்றுருவங்களுக்கென எவ்வித உதவியும் இல்லை. புள்ளி ஒவ்வொன்றையும் மூளையே எழுதவேண்டும். அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ஒரு பெயருடைய விளையாட்டுப் பொறி எந்த வீட்டில் இருந்தாலும் ஒன்றே. செல்வன் வீட்டிலும் ஏழை வீட்டிலும் அஃது ஒரே ஓட்டத்தைத் தரும். கணினியோ வாங்குபவரின் பணப்பையைப் பொறுத்தது. பழைய விளையாட்டுக்கள் சில மூளையின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டிருந்தமையால், புதிய கணினியில் அவை தலைதெறிக்க ஓடின. அக்காலக் கணினிப் பெட்டிகளின் முகப்பில் ரேர்போ என்றொரு பொத்தான் இருந்ததை மூத்தவர்கள் அறிவர். பெயரைக் கேட்டால் வேகத்தைக் கூட்டுவது போலிருக்கும். அதன் மெய்யான பயனோ, பழைய நிரல்களுக்காகக் கணினியை மெதுவாக்குவதே.

1990ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், சொவ்ற்டிஸ்க் என்னும் சிறு நிறுவனத்தில் வேலைசெய்த ஜோன் கார்மக், ரொம் ஹோல் என்னும் இளைஞர் இருவர் ஓரிரவில் ஒரு வேலை செய்தனர். நின்ரெண்டோ பொறியில் மாரியோ ஓடும்போது பின்னணி வழுவழுப்பாக நகரும். விலை பன்மடங்கான கணினியால் அது முடியாதிருந்தது. முழுத் திரையையும் ஒவ்வொரு தடவையும் எழுதுவதற்கு மூளைக்கு வலுவில்லை. கார்மக் கண்ட உபாயம் எளியது: திரையை அட்டையின் துணைகொண்டு சற்றே தள்ளிவிடு, முன்னைய படத்துக்கும் இப்படத்துக்கும் வேறுபட்ட ஓடுகளை மாத்திரம் புதிதாக எழுது. வானம் நீலமாகவே இருக்குமானால் அதனைத் தொடவே வேண்டியதில்லை. அன்றிரவு சுப்பர் மாரியோ பிறதர்ஸ் 3இன் முதற் கட்டத்தை அவர்கள் கணினியில் ஓடவிட்டனர். அதனை நின்ரெண்டோவுக்குக் காட்டியபோது, தன் விளையாட்டைக் கணினிக்குத் தர அந்நிறுவனம் விரும்பவில்லை. அவ்வாண்டு டிசெம்பரில் கொமாண்டர் கீன் என்னும் சொந்த விளையாட்டாக அதே உபாயம் வெளிவந்தது.

அவர்களே 1993 டிசெம்பர் 10ஆந் திகதி டூம் விளையாட்டை வெளியிட்டனர். அக்காலக் கணினித் திரை அவ்வகைப் படத்துக்கு 70 முறை புதுப்பிக்கப்பட்டது. டூமின் கடிகாரம் அதன் பாதியான 35. நல்ல கணினியில் 35, பழைய கணினியில் அதிற் பாதியும் இல்லை. ஒரே வட்டினை வாங்கிய இரு வீடுகளில் இரு வேறு விளையாட்டு! ஒப்பீடு என்னும் வாதம் பிறந்தது இந்த இடத்தில்தான். விளையாட்டுப் பொறி வைத்திருந்தோர் தம்முள் ஒப்பிட என்ன இருந்தது?

விளையாட்டுப் பொறிகளும் அதே ஆண்டில் முப்பரிமாணத்துக்குள் காலடி வைத்து, முதன்முறையாக ஓட்டத்தை விலையாகக் கொடுத்தன. நின்ரெண்டோவின் ஸ்ரார் பொக்ஸ் என்னும் விண்கல விளையாட்டு, செருகுபெட்டியினுள்ளே தனிச் சில்லு ஒன்றைக் கொண்டு வந்தும் செக்கனுக்கு 20 படத்தைத் தாண்டவில்லை. ஏன் 20? ஏன் 25 அல்ல? இங்கு ஒரு சிறு கணிதம் உண்டு. திரை 60 முறை புதுப்பிக்கப்படும். படம் ஆயத்தமாகாத நிலையில் திரையை மாற்றினால், மேற்பாதி புதுப்படமும் கீழ்ப்பாதி பழைய படமுமாகக் கிழிந்து தோன்றும். கிழியாதிருக்க வேண்டின் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு படத்துக்கு ஒரு புதுப்பித்தலாயின் 60, இரண்டாயின் 30, மூன்றாயின் 20, நான்காயின் 15. நடுவில் நிற்க இடமில்லை. பேருந்தை ஒரு நிமிடத்தால் தவறவிட்டவன் அடுத்த பேருந்து வரும்வரை நிற்பது போன்றது இது. 1998இல் நின்ரெண்டோ 64 பொறிக்கு வந்து, உலகின் தலைசிறந்த விளையாட்டுக்களுள் ஒன்றெனப் போற்றப்படும் ஒக்கறினா ஒவ் ரைம், 60இன் நாடுகளில் 20ஆகவும் 50இன் நாடுகளில் ஏறக்குறைய 17ஆகவும் ஓடியது. அதனை ஆடி மகிழ்ந்தோர் எவரும் எண்ணைக் கேட்டாரல்லர் என்பதும் இங்கே குறிக்கத்தக்கது.

1996இல் வந்த குவேக் கணினியுலகில் அளவுகோல் ஒன்றை நாட்டியது. பதிவுசெய்த ஓர் ஆட்டத்தை இயன்ற வேகத்தில் ஓட்டிப்பார்த்து, செக்கனுக்குச் சராசரி எத்தனை படமென்று அறிவிக்கும் கட்டளையொன்று அதற்குள்ளேயே இருந்தது. தசமக் கணக்கில் பென்ரியத்தைவிடத் தளர்ந்த சைறிக்ஸ் என்னும் மூளை, அலுவலக வேலையில் நற்பெயர் எடுத்தும் குவேக்கில் மானமிழந்தது. 1997இன் தொடக்கத்தில் குவேக்கின் புதிய வடிவொன்று 3டிஎப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டைக்கென வந்தபோது, கணினி விளையாட்டுப் பொறிகளை முந்தியது கண்கூடு. அன்றிலிருந்து அட்டை விற்பனையாளர்க்கு எண்ணே வேதமாயிற்று.

எண் வேதமானால் எண்ணைத் திருத்துவோரும் தோன்றுவர் அன்றோ? 2001இல் ஏ.ரி.ஐ. நிறுவனத்தின் றேடியன் 8500 அட்டை குவேக் 3 விளையாட்டில் வியத்தகு வேகம் காட்டியது. ஐயுற்ற ஆய்வாளர் சிலர் விளையாட்டுக் கோப்பின் பெயரைக் குவேக் என்பதிலிருந்து குவாக் என்று மாற்றி ஓட்டினர். வேகம் குறைந்தது; படத்தின் தெளிவோ கூடியது! அட்டையை இயக்கும் மென்பொருள் பெயரைக்கொண்டு விளையாட்டை அடையாளங் கண்டு, தெளிவைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருந்தது. 2003இல் என்விடியாவின் முறை வந்தது. 3டிமார்க்03 என்னும் அளவை நிரலில் கமெரா குறித்த பாதையிலேயே செல்லும். அப்பாதையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பகுதிகளை அந்நிறுவனத்தின் மென்பொருள் வரையாமலே விட்டது. அளவை நிரலை ஆக்கிய பியூச்சர்மார்க் நிறுவனம், கமெராவைப் பாதையைவிட்டு விலக்கிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. தேர் ஓடும் வீதிப்பக்கத்தை மட்டும் சோடித்துப் பின்புறத்தை வெறுங்கட்டையாய் விட்டாற்போல! அடுத்த மாதமே இருநிறுவனமும் கூடி, இஃது ஏமாற்றன்று, குறித்த நிரலுக்கெனச் செய்த சீர்படுத்தல் என்று கூட்டறிக்கை விடுத்தன. அவ்வறிக்கையை நம்புவது வாசகர் விருப்பம்.

2000இல் வந்த பிளேஸ்ரேஷன் 2, 2001இல் வந்த எக்ஸ்பொக்ஸ் ஆகியவற்றின் கதையை விரிப்பிற் பெருகும். உயர்தெளிவுத் தொலைக்காட்சி வந்தபின் 50இன் நாடுகளின் குறையும் மெல்ல நீங்கியது. 2007ஆம் ஆண்டை மட்டும் சற்று நின்று நோக்கல் தகும். ஒரே பொறியாகிய எக்ஸ்பொக்ஸ் 360க்கு, இரு மாத இடைவெளிக்குள் இரு பெரும் விளையாட்டுக்கள் வந்தன. ஹேலோ 3, ஒளியின் நுட்பங்களைக் காட்டுவதற்காக 30இல் நின்றது; அதற்கும் போதாமல், 720 வரிக்குப் பதில் 640 வரியிலேயே படத்தை ஆக்கிப் பெருப்பித்துக் காட்டியது. கோல் ஒவ் டியூற்றி 4 வரியை 600 ஆகக் குறைத்து ஓட்டத்தை 60 ஆக வைத்தது. ஒரே பொறி, இருவேறு மனம். இவ்விரண்டையும் கண்ட பின்னும், "அந்தப் பொறி 30 பொறி, இந்தப் பொறி 60 பொறி" என்று பேசுதல் பொருந்துமா? பொறிக்கு ஓட்டம் என ஒன்றில்லை. ஆக்கியோன் செய்த தேர்வுக்கே ஓட்டம் உண்டு.

இத்தேர்வுக்குச் சிலர் கூறிய சமாதானம் எனக்கு உடன்பாடன்று. திரைப்படம் 24இல் ஓடுகிறதே, 30 திரைப்படத்தின் அழகைத் தருகிறதே என்பர். திரைப்படக் கமெரா ஒவ்வொரு படத்திலும் செக்கனின் 48இலொரு பங்குக் காலத்தில் நிகழ்ந்த அசைவு முழுவதையும் மங்கலாகத் தேக்கிவைக்கின்றது. அம்மங்கலே ஒரு படத்தை அடுத்ததோடு கண்ணிலே தைக்கின்றது. கணினி ஆக்கும் படமோ ஒரு கணத்தின் கூர்மையான துண்டு; மங்கலைப் பின்னர் செயற்கையாகச் சேர்க்கலாம், அவ்வளவே. 24 என்பதோ நாம் முன்பு கண்டதுபோல் சுருளின் செலவு பார்த்து வைத்த எண். இவை ஒருபுறமிருக்க, திரைப்படத்தைப் பார்ப்பவர் பொத்தான் எதையும் அழுத்துவதில்லை. விளையாட்டிலோ விரலின் செயலுக்குத் திரை மறுமொழி சொல்லவேண்டும். 30இல் அம்மறுமொழி ஒவ்வொன்றும் 33 மில்லிசெக்கன் இடைவெளியிலேயே வரமுடியும்.

2013 நவம்பரில் ஒரே வாரத்தின் இடைவெளியில் பிளேஸ்ரேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் இரண்டும் வந்தன. இரண்டின் மூளையும் ஒரே நிறுவனத்தின் ஒரே குடும்பம். வரைகலை வலிமை முன்னதற்கு 1.84, பின்னதற்கு 1.31 ரெராபுளொப்ஸ் என்றனர். அவ்வாண்டுக் கோல் ஒவ் டியூற்றி முன்னதில் 1080 வரியிலும் பின்னதில் 720 வரியிலும் ஆக்கப்பட்டது. ஒப்பீட்டு வாதம் உச்சத்தை அடைந்த காலம் இது. ஆயினும் மெய்யான முன்னேற்றம் அதற்கு இரண்டாண்டு முன்னரே அமைதியாக நிகழ்ந்திருந்தது. 2011இல் ஸ்கொற் வாசன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், சராசரி என்னும் அளவே பொய் சொல்லவல்லது என்று காட்டினார். ஒரு செக்கனில் 60 படம் வந்தது என்க. அவற்றுள் 59 படம் முதல் அரைச் செக்கனிலும், கடைசி ஒன்று மற்றைய அரைச் செக்கன் முழுவதையும் விழுங்கியும் வந்தால், சராசரி 60 தான். ஆடுபவரோ அரைச் செக்கன் உறைந்துபோன திரையைக் கண்டிருப்பார். ஆகவே, படங்களை எண்ணாது ஒவ்வொரு படமும் எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது என்பதை அளந்து, மிகத் தாமதித்தவற்றைத் தனியே எடுத்து நோக்கவேண்டும் என்றார். பரீட்சைச் சராசரியை மட்டும் பார்த்து, பிள்ளை எந்தப் பாடத்திற் சித்தியடையவில்லை என்பதைக் காணாது விடும் தகப்பனுக்கும் இது பொருந்தும். பின்னர் இங்கிலாந்தின் டிஜிற்றல் பவுண்டறி முதலியோர் பொறிகளின் படத்தைப் பதிவுசெய்து, படம் படமாக எண்ணி வரைபு கீறிக் காட்டுதலும் பரவலாயிற்று. ஒப்பீடு வாய்ச்சண்டையாயிருந்தது நீங்கி ஆய்வாகியது இவர்களாலேயே.

2013 ஒக்ரோபரில் என்விடியா அறிவித்த ஜி-சிங்க் முறை, 1941 முதல் இருந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியது. அதுவரை பொறி திரைக்காகக் காத்திருந்தது. இப்போது திரை பொறிக்காகக் காத்திருக்கும். படம் எப்போது முடிகின்றதோ அப்போது திரை புதுப்பிக்கப்படும். 60, 30, 20 என்னும் படிக்கட்டு இல்லை. இம்முறைக்கு ஒத்த வகைகள் பின்னர் தொலைக்காட்சிகளுக்கும், 2020இல் வந்த எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸ், பிளேஸ்ரேஷன் 5 பொறிகளுக்கும் வந்து சேர்ந்தன. அப்பொறிகளின் விளையாட்டுப் பலவற்றில் அழகு வேண்டுமா, ஓட்டம் வேண்டுமா என்ற தேர்வு ஆடுபவரிடமே விடப்பட்டது. 2021இல் றச்செற் அன்ட் கிளாங்க் என்னும் விளையாட்டு, 120 முறை புதுப்பிக்கும் திரைகளுக்கு 40 என்னும் மூன்றாவது வழியையும் கொடுத்தது. 40 என்றால் 30ஐ விடச் சற்றே கூடியதென்று தோன்றும். காலத்தால் நோக்குங்கள்: 30இல் ஒரு படத்துக்கு 33.3 மில்லிசெக்கன்; 60இல் 16.7, 40இல் 25. சரி நடுவில் நிற்பது 40, 45 அன்று.

இறுதியாக வந்த மாற்றம், படம் என்றால் என்ன என்பதையே கேள்விக்கு உட்படுத்துகின்றது. 2022இல் என்விடியாவின் புதிய அட்டைகள், விளையாட்டு ஆக்கிய இரு படங்களுக்கு நடுவே வேறொரு படத்தை ஊகித்துச் செருகத் தொடங்கின. 2025இல் ஒன்றுக்கு மூன்று ஊகப்படங்கள் என்றாயிற்று. அஃதாவது, விளையாட்டு 30 படத்தை ஆக்கும். திரையில் 120 தோன்றும். கண்ணுக்கு வழுவழுப்பு உண்டு; அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊகப்படம் நடுவில் நிற்பதற்கு அடுத்த மெய்ப்படம் முன்னரே கையில் இருக்கவேண்டும். ஆதலால் மெய்ப்படம் சிறிது தாமதித்தே காட்டப்படும். பொத்தானை அழுத்திய விரலுக்கு மறுமொழி 30இன் வேகத்திலேயே, அதனினும் சற்றுப் பிந்தியே, கிடைக்கும். 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டொலர் விலையுள்ள 5070 அட்டை முந்திய தலைமுறையின் தலையாய 4090 அட்டைக்கு நிகரான ஆற்றல் தரும் என்று மேடையில் அறிவித்தார்; அக்கணக்கு ஊகப்படங்களையும் சேர்த்த கணக்கு. மார்ச்சில் அட்டை வெளிவந்தபின், ஊகப்படங்களை நிறுத்திவிட்டு மெய்ப்படங்களை மட்டும் எண்ணிய ஆய்வாளர் கண்டது வேறு. 5070, 4090க்கு வெகுதூரம் பின்னே, அதே முந்திய தலைமுறையின் 4070 சுப்பர் என்னும் நடுத்தர அட்டைக்கு அருகிலேயே நின்றது.